வரப்போரத்து ஓட்டு

சின்னம் ஒதுக்கிய அதிகாரி கெட்டவர் இல்லை. வேட்பாளர்களின் பெயர்களை அகர வரிசையில் எழுதி, எதிரே சின்னங்களை வரிசையாக வைத்து, முதல் பெயருக்கு முதல் சின்னம், அடுத்த பெயருக்கு அடுத்தது என்று கொடுத்துக்கொண்டே போனார். அந்தப் பஞ்சாயத்தின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். தேவயானிக்கு ஏர் வந்தது. ஷோபனாவுக்குப் பூட்டும் சாவியும் வந்தது.

"விவசாயம் பண்ற ஊருக்கு ஏர் சின்னம். நல்ல யோகம்மா உங்களுக்கு" என்று அவர் சிரித்தார்.

தேவயானிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஊரில் பொம்பளை ஏரைத் தொடக் கூடாது. தொட்டால் மழை போய்விடும். தாண்டவும் கூடாது. கொல்லை என்று அவர்கள் சொல்லும் வயலில் ஏர் ஓடும்போது உள்ளே கால் வைக்கவே கூடாது. கூழ்ப் பானையைக் கொண்டுபோய் வரப்பில் இறக்கிவிட்டு, மாட்டை அவிழ்க்கும்வரை அங்கேயே குந்தியிருக்க வேண்டும். விதை தூவுவது, களை எடுப்பது, அறுப்பது, புடைப்பது, வீட்டுக்குச் சுமப்பது எல்லாம் பொம்பளை வேலை. அதற்கெல்லாம் மழைக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. ஏர் என்றால் மட்டும் அதற்குக் கோபம் வந்துவிடும்.

"சார், வேற சின்னம் மாத்தித் தருவீங்களா?"

"ஏம்மா, இதுக்கு இன்னா குறை?"

சொல்ல வாயெடுத்தாள். பின்னால் வரிசை நின்றது. மழையிலிருந்து ஆரம்பித்து வரப்பு வரைக்கும் விளக்க வேண்டும். விளக்கினாலும் அவர் பட்டியலைத்தான் காட்டுவார். "ஒண்ணும் இல்லீங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, திருப்பத்தூரிலிருந்து மலைக்குத் திரும்பும் ஜீப்பில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள்.

அவள் தேர்தலில் நிற்பதே ஊருக்குப் பிடிக்கவில்லை. தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்று அரசாங்கம் சொன்னதும், ஊர் கோயிலுக்கு முன்னால் கூடியது. ஊர் என்றால் ஆண்கள். பெண்கள் தள்ளி நின்று கேட்கலாம். அங்கே உட்காரும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஊர்க்கவுண்டர் வேடியப்பன் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, சக்திவேலின் மனைவி ஷோபனாதான் தலைவர் என்று அறிவித்தார். சக்திவேலுக்கு ஜீப் இருக்கிறது. ரோடு வேலை, தொட்டி வேலை எல்லாம் எடுத்துச் செய்கிறவன். ஷோபனா கல்யாணமாகி மலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. தான் தலைவராகப் போகிற செய்தி அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர்க் குழாயடியில் மற்றவர்கள் கேலி பேசியபோதுதான் தெரிந்தது.

தேவயானி போன முறை வார்டு மெம்பராக இருந்தவள். அதுவும் ஊர் பார்த்து நிறுத்தியதுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ரேஷன் கடை மலைக்குக் கீழே ஒரு ஊரில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருநாளாவது அதை மேலே கொண்டுவந்து அரிசி போடுங்கள். "பாக்கலாம்மா" என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் "பாக்கலாம்" என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் தலையில் அரிசியோடு மலை ஏறிக்கொண்டே இருந்தார்கள். தேவயானியின் முட்டி அந்தச் சமயத்தில்தான் கெட்டது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால் இந்த ஒன்றையாவது தீர்மானமாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். பெரிய கனவெல்லாம் அவளிடம் இல்லை.

அவள் மனு கொடுத்த அன்றே ஊர் மறுபடி கூடியது. வேடியப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சர்க்காரு சட்டம், நிக்கக் கூடாதுன்னு சொல்ல மாட்டோம். நீ ஜெயிச்சிட்டன்னா ஊரு ஒன் பின்னால வரும். தோத்துட்டன்னா ஊரை மீறுனதுக்கு இங்க வந்து எல்லார் முன்னாலயும் வுழுந்து கேட்டுக்கணும். சரியா?"

தள்ளி நின்ற இடத்திலிருந்து தேவயானி "சரிங்க" என்றாள். அவளுடைய கணவன் சந்திரன் கூட்டத்தில் உட்கார்ந்து தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவன் நல்லவன்தான். தடுக்கவும் மாட்டான், தாங்கவும் மாட்டான். வீட்டுக்கு வந்ததும், "ஏம்மே, ஒனக்கு இதெல்லாம் தேவையா?" என்று மட்டும் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

சின்னம் வந்த பிறகு ஓட்டுக் கேட்டு நடை. நதியா கூட வந்தாள். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்து அலுத்து, அண்ணன் வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண். நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள். தேவயானி முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறுவாள். மலையில் அங்கங்கே கிடக்கும் ஊர்கள். ஒவ்வொன்றிலும் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், மொச்சைக் கொட்டை கொடுத்தார்கள், "ஒனக்குத்தான் தேவயானி, போ" என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். பொய்யாகச் சொல்லவில்லை. அரிசி சுமந்த தலைகளுக்கு அவள் கேட்பது என்னவென்று தெரிந்திருந்தது. ஆனால் நோட்டீஸை மட்டும் யாரும் கையில் வாங்கவில்லை. திண்டாடிப்போய், "அங்க வெச்சிட்டுப் போ" என்றார்கள். நோட்டீஸில் பெரிதாக ஏர் படம் இருந்தது.

சக்திவேலின் ஜீப் மைக் கட்டிக்கொண்டு சுற்றியது. "தாய்மாருங்களே, ஏர்ல கைய வெச்சி மழையக் கெடுத்துடாதீங்க" என்று அது கத்தியபோது ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள். கொள்ளு விதைப்புக்கு உழுதுகொண்டிருந்த நேரம். மழை அந்த வருஷம் ஏற்கெனவே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது.

வழி கண்டுபிடித்தது தேவயானிதான். ஒரு பாறையின் மேல் அடுப்புக்கரியால் ஓட்டுச் சீட்டை வரைந்தாள். இரண்டு கட்டம். மேல் கட்டம் அவளுடையது. வலது பக்கம் ஏர், இடது பக்கம் அவள் பெயர்.

"ஏர் மேல குத்தவே வேணாம். இதோ, இந்தப் பக்கம் எழுத்து இருக்கும் பாரு. அது எம்பேரு. அது மேல குத்துங்க. ஏர் மேல முத்திரை படாது. ஓட்டு எனக்கு வந்துடும்."

பெண்கள் குனிந்து பார்த்தார்கள். சாந்தம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஊரில் விதைப்பு, பிரசவம், சாவு எதற்கும் பெண்கள் முதலில் கேட்பது அவளைத்தான். வாய் நீளம், மனசு நேர். அவள் விரலைப் பாறைமேல் வைக்காமல், கொஞ்சம் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு கட்டத்தைச் சுற்றிக் காட்டினாள்.

"பேரும் ஏரும் ஒரே கட்டத்துக்குள்ளயா இருக்குது?"

"ஆமா அத்தே. ஆனா தள்ளித் தள்ளி இருக்கும்."

"உம்" என்றாள் சாந்தம்மாள்.

அந்த 'உம்' என்னவென்று தேவயானி கேட்டிருக்கலாம். இன்னும் ஏற வேண்டிய ஊர்கள் இருந்தன. முட்டி விண்விண் என்று தெறித்தது. அவள் கேட்கவில்லை.

ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெண்கள் வரிசை ஆண்கள் வரிசையைவிட நீளம். பெட்டியில் வைத்திருந்த சேலைகளை எடுத்துக் கட்டியிருந்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த ஒவ்வொருத்தியும் தேவயானியைப் பார்த்துக் கண்ணால் ஒரு ஜாடை காட்டிவிட்டுப் போனாள். காரியத்தை ஒழுங்காக முடித்த திருப்தி அந்த முகங்களில் இருந்தது. சாந்தம்மாள் பக்கத்தில் வந்து, "எல்லாம் பதனமா பண்ணிட்டோம், கவலப்படாத" என்று காதில் சொன்னாள். தேவயானிக்குக் கண் கலங்கிவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு உடம்பில் வலி தெரியவில்லை.

அவளும் உள்ளே போனாள். ரோஸ் நிறச் சீட்டை மறைப்புக்குள் விரித்தாள். அவள் பெயர் அச்சில் இருந்தது. அதைப் பார்க்க வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பக்கத்தில் ஏர். யாரோ ஊர் தெரியாதவர் வரைந்த சின்ன ஏர், கலப்பை முனை சரியாகக்கூட வரவில்லை. முத்திரையை எடுத்தாள். ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தவளின் கை கொஞ்சம் நின்றது. அப்புறம் குத்தினாள். கை அவசரத்தில் சாய்ந்துவிட்டது. கட்டைவிரல் பட்டு மை ஒரு பக்கம் இழுத்தது. சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

எண்ணிக்கை திருப்பத்தூரில். தேவயானியும் நதியாவும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி சக்திவேல் நின்றான். ஷோபனா வெளியே ஜீப்பில் இருந்தாள். எண்ணும் இடத்தில் அவளுக்கு என்ன வேலை என்று அவன் உள்ளே கூட்டிவரவில்லை.

ரோஸ் சீட்டுகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்கள். பூட்டு சாவிக்கு ஒரு அடுக்கு, ஏருக்கு ஒரு அடுக்கு. ஏர் அடுக்கும் ஓரளவு வளர்ந்தது; அதில் ஆண்கள் சிலருடைய ஓட்டும் இருந்திருக்க வேண்டும், ஏரின் மேலேயே கனமாகக் குத்தியவை. மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. நதியாதான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, அங்க பாருக்கா."

செல்லாத ஓட்டுகள். எண்ணுகிற பெண் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். எல்லாம் ஒரே மாதிரி. கட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. கட்டத்துக்கு வெளியே, மேலே இருந்த வெற்று ஓரத்தில், ஏருக்கு நேராக, அழகாக, கொஞ்சம்கூட மை சிந்தாமல் ஒரு முத்திரை. அடுத்த சீட்டிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும் அதே இடம்.

தேவயானிக்கு உடனே புரிந்தது. கட்டம் கொல்லை. கொல்லைக்குள் ஏர் நிற்கிறது. ஏர் நிற்கும்போது பெயர் இருக்கும் பக்கமாக என்றாலும் கொல்லைக்குள் கால் வைக்கலாமா? வரப்பில்தான் வைக்க வேண்டும். கூழ்ப் பானையை இறக்கி வைப்பதுபோல அத்தனை பேரும் ஓட்டை வரப்பில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"சார், இதெல்லாம் எனக்குப் போட்டதுங்க" என்று எழுந்து நின்று சொன்னாள்.

மேஜை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கலாம்மா. எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா கோட்டுக்கு வெளிய இருக்குதே. நான் இன்னா பண்றது?" இன்னொரு சீட்டைப் பிரித்தார். அதிலும் வரப்பு. "எல்லாம் சொல்லி வெச்ச மாதிரி குத்தியிருக்காங்க. யாரும்மா இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தாங்க" என்றாள் தேவயானி.

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? இத்தனை மலை ஏறி, இத்தனை தரம் கரியால் வரைந்து காட்டி, கடைசியில் கோட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்களே. படிக்காத ஜென்மங்கள் என்று மனசுக்குள் திட்டினாள். சாந்தம்மாளைப் பேர் சொல்லித் திட்டினாள். அப்போது அதிகாரி ஒரு சீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

அதில் முத்திரை இடது ஓரத்தில், பெயரின் முதல் எழுத்துக்கும் முன்னால், கோட்டின் மேல் பாதி ஏறி நின்றது. ஏரிலிருந்து அதற்கு மேல் தள்ளிப் போக முடியாத இடம். மை ஒரு பக்கமாக இழுத்திருந்தது. "இது கொஞ்சம் உள்ள இருக்குது, எடுத்துக்கலாம்" என்று அவர் அதை ஏர் அடுக்கில் போட்டார்.

தேவயானி உட்கார்ந்துவிட்டாள். அந்த மையை அவளுக்குத் தெரியும். இழுத்தது அவளுடைய கட்டைவிரல். அவளும் பயந்துதான் குத்தியிருந்தாள். மற்றவர்களைவிட ஒரு நூல் உள்ளே தள்ளிப் பயந்திருந்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் திட்டுவதற்கு யாரும் மிஞ்சவில்லை.

ஷோபனா ஜெயித்ததாக அறிவித்தார்கள். செல்லாத அடுக்கு, ஜெயித்த வித்தியாசத்தைவிடத் தடிமனாக இருந்தது. நதியா அழுதாள். தேவயானிக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்று இருந்தது.

வெளியே சக்திவேலின் கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருந்தது. ஜெயித்தவள் ஜீப்பின் பின்சீட்டில் தனியாக இருந்தாள். தேவயானி கடந்து போகும்போது ஷோபனா கம்பி வழியாகக் கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"உம்மேல இன்னாத்துக்குக் கோவம்? நீயா கேட்ட?"

ஷோபனா மாலைக் கூட்டத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "நானும் ஒனக்குத்தாங்கா போட்டேன். ஏர் மேலயே குத்திட்டேன். நடு ஏர்ல. மழ போயிடுமாக்கா?"

தேவயானி அந்தச் சின்ன முகத்தையே பார்த்தாள். மலையில் அத்தனை பெண்களிலும் நடு ஏரில் குத்தியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "போவாது போ. ஜாக்கிரதையா இரு" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

பொழுது சாயும் முன்பே ஷேர் ஜீப் மலை ஏறிவிட்டது. வழியில் சக்திவேலின் ஜீப் வெடி போட்டுக்கொண்டு முந்திக்கொண்டு போனது. ஊர்த் திருப்பத்தில் பெண்கள் காத்திருந்தார்கள். தோற்ற செய்தி அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. நம்பத்தான் முடியவில்லை.

"ஏமாத்திட்டானுங்க" என்றாள் சாந்தம்மாள். "எனக்குத் தெரியும். எங்க ஓட்ட இன்னாமோ பண்ணிட்டானுங்க. ஒருத்தி பாக்கி இல்லாம குத்துனோமே. ஏர் மேலயும் படல, கொல்லைக்குள்ளயும் போவல. நான்தான் வரிசைல நின்ன எல்லார்கிட்டயும் சொன்னேன், வரப்புல வையிங்கடின்னு."

அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தேவயானி நினைத்தாள். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று இருந்துவிட்டுப் போகட்டும். அது ஒரு நிம்மதி. ஆனால் அடுத்த தேர்தலிலும் இவர்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து வரப்பில்தான் வைப்பார்கள். அவள் கல்மேல் உட்கார்ந்து முட்டியை நீட்டிக்கொண்டாள்.

"யாரும் ஏமாத்தல அத்தே. வரப்புல வெச்சா செல்லாது. கட்டத்துக்குள்ள இருந்தாத்தான் ஓட்டு."

சாந்தம்மாள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். "அப்போ… நாங்களா ஒன்னத் தோக்கடிச்சோம்?"

"நானும்தான். நானே ஏரப் பாத்துப் பயந்து ஓரமாத்தான் குத்துனேன். எம்பேர நானே முழுசா தொடல." சொல்லிவிட்டு எழுந்தாள். "எனக்கு முடியல. வூட்டுக்குப் போறேன்."

பெண்கள் பின்னாலேயே வந்தார்கள்.

வீட்டு வாசலில் சந்திரன் அப்போதுதான் மாட்டை அவிழ்த்திருந்தான். ஏர் நடைபாதையின் குறுக்கே கிடந்தது. அது அவன் வழக்கமாகப் போடும் இடம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அங்கே கிடந்தால் தேவயானி தண்ணீர்க் குடத்தோடும் விறகுக் கட்டோடும் அரிசி மூட்டையோடும் மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாள். மழையில் சேறாக இருக்கும், சாணியாக இருக்கும். சுற்றித்தான் போவாள்.

இன்று கொட்டகையைப் பார்த்தாள். அது வெகுதூரத்தில் இருந்தது. சுற்றிப் போக அவளுக்குத் தெம்பு இல்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையை ஏரின் கைப்பிடியான மேழியில் ஊன்றி, ஏரைத் தாண்டி உள்ளே போனாள்.

பின்னால் பெண்களில் யாரோ மூச்சை இழுத்தார்கள். சந்திரன் கையில் கயிற்றோடு நின்றான். ஒருதரம் வானத்தைப் பார்த்தான், ஒருதரம் அவளைப் பார்த்தான்.

"தாண்டிட்டியேமே."

"ஆமா."

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வேறு பேச்சுக்குப் போனான். "ஊர்ல சொல்லி வுட்டாங்க. காலைல கோயிலாண்ட வந்து வுழுந்து கேட்டுக்கணுமாம்."

தேவயானி நிலைப்படியில் உட்கார்ந்து பையை இறக்கினாள். ஒப்புக்கொண்டது அவள்தான். தோற்றது உண்மைதான். ஆனால் விழ வேண்டும் என்றால் முதலில் முட்டியை மடக்க வேண்டும்.

"ஊர்க்கவுண்டர்கிட்ட போய் சொல்லு. தோத்தேன், வர்றேன். ஆனா வுழவும் முடியாது, தள்ளி நிக்கவும் முடியாது, காலு வலிக்குது. ஒக்கார எடம் போட்டு வெச்சாங்கன்னா வந்து பேசறேன்."

"பொம்பளைங்க அங்க ஒக்காரமாட்டாங்களே."

"அப்போ வரலன்னு சொல்லு."

வாசலுக்கு வெளியே பெண்கள் ஏருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நதியா வந்தாள், குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டி வந்து தேவயானியின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாந்தம்மாள் ஏரின் அருகே வந்து நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு காலைக் கீழே இறக்கிவிட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, சாணியை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

தேவயானி நகர்ந்து, பக்கத்தில் அவள் உட்கார இடம் விட்டாள்.